ஆக்ராவில் வாதாடிய ஆலிம்: மவ்லானா ரஹ்மதுல்லாஹ் கைரானவி (ரஹ்)

மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டுச் சிறிது தூரம் நடந்தால் சாந்தோம் தேவாலயம். அக்கம்பக்கமாக வாழும் நாம் கொள்கை வேறுபாட்டை எப்படிப் பேச வேண்டும்? மவ்லானா ரஹ்மதுல்லாஹ் கைரானவியின் வாழ்வில் பதில் இருக்கிறது.

1818-இல் வடஇந்தியாவின் கைரானாவில் பிறந்தவர். கம்பெனி ஆட்சியின் நிழலில் ஜெர்மானியப் பாதிரியார் ஃபண்டர், இஸ்லாத்தை மறுத்து 'மீஸானுல் ஹக்' நூலைப் பரப்பினார். மவ்லானா வசைபாடவில்லை, பொது விவாதத்துக்கு அழைத்தார்.

1854 ஏப்ரல் 10, 11 தேதிகளில் ஆக்ராவில் விவாதம் நடந்தது. முஸ்லிம்கள், இந்துக்கள், ஆங்கிலேய அதிகாரிகள் கூடியிருந்தனர். டாக்டர் வஸீர் கான் துணை நின்றார். ஐரோப்பிய ஆய்வாளர்களின் நூல்களைக் கொண்டே பைபிளில் மாற்றங்கள் நுழைந்ததை இருவரும் எடுத்துக்காட்டினர். சில இடங்களில் அப்படி நேர்ந்ததைப் பாதிரியார் ஒப்புக்கொண்டார். அடிப்படைக் கொள்கை அதனால் மாறவில்லை என்று வாதிட்டார்.

1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயர் மவ்லானாவைத் தேடினர். சொத்துகள் ஏலம் போயின. மக்காவில் தஞ்சம் புகுந்தார். 1864-இல் இஸ்தான்புல்லில் 'இழ்ஹாருல் ஹக்' எழுதினார். மக்காவில் ஸவ்லதிய்யா மதரஸாவை நிறுவி, 1891-இல் அங்கேயே வஃபாத்தானார்.

வேதக்காரர்களுடன் அழகிய முறையிலேயே தர்க்கிக்கச் சொல்கிறது திருக்குர்ஆன் (29:46). அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு நம்பவும் பரப்பவும் நமக்கும் அவர்களுக்கும் ஒரே உரிமை தருகிறது. எதிர்த்தரப்பின் நூலைப் புரட்டாமலேயே வாட்ஸ்அப்பில் ஏளனம் பரப்புவது மவ்லானாவின் வழியல்ல. படித்துப் பேசுவோம், அவர்கள் பேசும் உரிமையையும் காப்போம். அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக!