நிறம் மாறிய ஒளி!

குட்டீஸ், கடல் ஏன் நீலமாக இருக்கிறது? 1921-இல் கப்பலில் மத்தியதரைக் கடலைப் பார்த்த சர் சி.வி.ராமனை இந்தக் கேள்வி விடவே இல்லை.

1888-இல் திருச்சி திருவானைக்காவலில் பிறந்தவர் ராமன். கொல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி. வேலை முடிந்ததும் ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவிடுவார். 1917-இல் அந்தப் பெரிய வேலையையே விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்தில் பேராசிரியர் ஆனார்!

1928 பிப்ரவரி 28. ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் சிறு பகுதி நிறம் மாறுவதைக் கண்டுபிடித்தார். இதுதான் 'ராமன் விளைவு'. 1930-இல் நோபல் பரிசு வந்தது. 1970-இல் ராமன் மறைந்தார்.

கம்ப்யூட்டர் சிப் செய்ய உதவும் சிலிக்கான் எளிதில் ஒளி தராது. 2005-இல் விஞ்ஞானிகள் சிலிக்கான் சிப்புக்குள் வேறொரு லேசர் ஒளியைச் செலுத்தினார்கள். ராமன் விளைவால் அதிலிருந்து புது லேசர் ஒளி தொடர்ந்து வந்தது!

பிப்ரவரி 28 ஏன் தேசிய அறிவியல் தினம் என்று இப்போது தெரிகிறதா?