காற்றைச் சேமித்து வைக்க முயன்ற ஆசிரியர் – பௌல் லா கூர்

கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்கு வரும் அன்பர்களுக்கு இந்தப் பக்கத்துக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிருந்து கிழக்கே, கிப்ஸ்லாந்து கடற்பகுதி 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் முதல் கடல் காற்றாலைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. கணினித் துறையில் இருந்தாலும் பொறியியல் படித்தவன் என்பதால், செய்தியைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் பௌல் லா கூர்.

1846-இல் டென்மார்க்கின் எபல்டொஃப்ட் அருகே பிறந்தவர். வானிலை ஆய்வு நிறுவனத்தில் துணை இயக்குநர். தந்தித் துறையில் கண்டுபிடிப்பாளர். தலைநகரிலேயே இருந்திருந்தால் பேரும் பணமும் சேர்த்திருக்கலாம். ஆனால் 1878-இல் ஆஸ்கோவ் என்ற கிராமத்து மக்கள் கல்லூரிக்கு ஆசிரியராகப் போய்விட்டார். மின்சாரம் நகரத்தோடு நின்றுவிட்டால் கிராமம் தேய்ந்துவிடும் என்பது அவரது கவலை.

1891-இல் அரசு உதவியுடன் அங்கே ஒரு காற்றாலையை நிறுவி மின்சாரம் எடுத்தார். காற்று நின்றால் விளக்கும் நின்றுவிடுமே? அந்த மின்சாரத்தால் நீரைப் பிரித்து, ஹைட்ரஜன் வாயுவைத் தொட்டியில் சேமித்தார். 1895 முதல் சில ஆண்டுகள் கல்லூரி விளக்குகள் அதில்தான் எரிந்தன. வாயு வெடித்துச் சன்னல் கண்ணாடிகள் உடைந்ததும் உண்டு. அவர் தளரவில்லை. காற்றுச் சுரங்கம் அமைத்துச் சோதித்து, இறக்கைகள் குறைவாக இருந்து வேகமாகச் சுழல்வதே மேல் என்று கண்டறிந்தார். 1904 முதல் கிராமத்து இளைஞர்களுக்கு மின்பணி கற்றுக் கொடுத்தார். 1908-இல் மறைந்தார்.

அவரது மாணவர் யொஹானஸ் யூல் 1957-இல் கெட்சரில் மூன்று இறக்கைகளுடன் 200 கிலோவாட் காற்றாலையை எழுப்பினார். 1991-இல் உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை டென்மார்க்கின் விண்டபியில் அமைந்தது. அதே ஆண்டில் நம் குமரிக்கு அருகே விழிஞ்ஞத்தில், சென்னை ஐ.ஐ.டி.யினர் 150 கிலோவாட் அலை மின்நிலையத்தை இயக்கினர் என்பது நாம் பெருமைப்படத்தக்கது.

ஆழ்கடலில் தரையில் தூண் நட முடியாது; மிதக்கும் மேடைதான் வழி. அந்த மேடையிலேயே அலை இயந்திரத்தையும் பொருத்தினால் நங்கூரமும் மின்வடமும் இரண்டுக்கும் பொதுவாகும். காற்று ஓய்ந்த பின்னும் சில மணி நேரம் அலை ஓயாது. மின்சாரம் சட்டென்று அறுந்துபோகாது. 2008-இல் விண்டபி அருகே சோதிக்கப்பட்ட, 37 மீட்டர் அகலமுள்ள 'பொசைடன்' மிதவை இந்த வழியில் போனதுதான். உப்பும் புயலும் செலவும் இன்னும் தடையாகவே உள்ளன.

காற்று நின்ற பிறகு என்ன செய்வது? ஆஸ்கோவ் ஆசிரியர் கேட்ட கேள்விக்குத்தான் நாம் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறோம்.