ஒரே மொழி, வேறு நாடு: இப்னு பதூதா

இப்னு பதூதா என்றதும் டில்லி, மாலத்தீவு, சீனா, நமக்குப் பக்கத்தில் சுமத்ராவில் இருந்த சமுத்திரா பாசாய் என்று தொலைதூர நாடுகள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவர் முதலில் கடந்த நாடுகளில் பெரும்பாலானவை அரபு பேசிய நாடுகள். அவர் பேசியதும் அரபுதான். மொழி தெரிந்த ஊரில் ஒருவர் எப்படி அந்நியராகிறார், பிறகு எப்படி அந்த ஊர்க்காரராகிறார் என்பதை அவர் வாழ்க்கையில் இந்தப் பகுதிதான் காட்டுகிறது.

1304 பிப்ரவரி 24 அன்று மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில், காழிகளைத் தந்த குடும்பத்தில் அவர் பிறந்தார். மாலிக்கி மத்ஹபில் மார்க்கச் சட்டம் கற்றார். 1325 ஜூன் மாதம், 21 வயதில், ஹஜ் நிய்யத்தோடு தனியாகப் புறப்பட்டார். அப்போது தாயும் தந்தையும் உயிரோடு இருந்தார்கள். அந்தப் பிரிவு இரு பக்கமும் வேதனையாக இருந்ததை அவரே பதிவு செய்திருக்கிறார்.

வழியில் கடுமையான காய்ச்சல். வாகனத்திலிருந்து விழாமலிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டே துனிஸ் வந்து சேர்ந்தார். ஊர் மக்கள் வெளியே வந்து, பயணக் கூட்டத்தில் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஸலாம் சொல்லி நலம் விசாரித்தார்கள். இவரை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. சுற்றிலும் கேட்ட ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குப் புரிந்தது. அதில் ஒன்றுகூட அவருக்கானது அல்ல. தாங்க முடியாமல் அழுதுவிட்டார். அதைக் கவனித்த ஒரு ஹாஜி அருகில் வந்து ஸலாம் சொல்லி, ஊருக்குள் நுழையும்வரை அன்பாகப் பேசிக்கொண்டே வந்தார். இத்தனைக்கும் அதே துனிஸிலிருந்து புறப்பட்ட ஹஜ் கூட்டத்துக்கு அவரையே காழியாக நியமித்தார்கள்! அந்தப் பயணத்திலேயே ஒரு திருமணமும் செய்தார். மாமனாரோடு தகராறு வந்து அது முறிய, இன்னொரு பெண்ணை மணந்து, வலீமா விருந்துக்காகக் கூட்டத்தையே ஒரு நாள் நிறுத்தி வைத்தார்.

1326 ரமலானில் டமாஸ்கஸ் வந்தார். அங்கே நூருத்தீன் ஸகாவி என்ற மாலிக்கி ஆசிரியரின் வீட்டில் இரவுகளில் நோன்பு திறக்கப் போய்வந்தவர், மறுபடியும் காய்ச்சலில் விழுந்தார். வராதவரை ஆசிரியர் விடவில்லை. ஆளனுப்பி அழைத்து, இதை உன் தகப்பன் வீடாகவோ சகோதரன் வீடாகவோ நினைத்துக்கொள் என்று சொல்லி, மருத்துவரையும் வரவழைத்துப் பெருநாள் வரை வைத்துப் பார்த்துக்கொண்டார். கைப்பணம் தீர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் ஒட்டகம், வழிச்சோறு, செலவுக்குப் பணம் எல்லாம் கொடுத்து அனுப்பினார்.

ஹஜ்ஜை முடித்து 1327இல் அவர் பஸ்ரா சென்றபோது நடந்தது வேறு கதை. அரபு இலக்கணத்தின் தாய்வீடு பஸ்ரா. அங்கே கற்று, அந்த இலக்கணத்துக்குப் பெருநூல் செய்த சீபவைஹி பிறப்பால் பாரசீகர். சுமார் 500 ஆண்டுகள் கழித்து அதே ஊரில் ஜும்ஆவுக்குப் போன நம்மவர், கதீப் குத்பாவில் அப்பட்டமான இலக்கணப் பிழைகள் விடுவதைக் கேட்டுத் திகைத்தார். ஊர்க் காழியிடம் சொன்னபோது, இலக்கணம் அறிந்தவர் இங்கே ஒருவரும் மிஞ்சவில்லை என்று பதில் வந்தது. விருந்துக்குப் போன வீட்டில் சோற்றில் கல் எண்ணுவதுபோல எனக்குப் படுகிறது. 23 வயது, கற்றவர் என்ற மிடுக்கும் இருந்திருக்கும். ஆனால் ஊர் தேய்ந்திருந்தது உண்மை. ஒருகாலத்தில் நகரின் நடுவில் இருந்த பள்ளிவாசல் அப்போது ஊருக்கு வெளியே இரண்டு மைல் தள்ளித் தனியாக நின்றது.

நமக்கும் இது புதிதல்ல. சென்னை மண்ணடிக்குக் கொள்முதலுக்குப் போய், வாய் தவறி இது எத்தனை வெள்ளி என்று கேட்டுவிட்டால் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். எந்த நாடு என்று கேட்டு டீ வரவழைப்பவரும் உண்டு, அப்போதே விலையை ஏற்றுபவரும் உண்டு.

மொழி அறியாத நாட்டில் பட்ட பாட்டை அவர் சிரிப்போடு சொல்கிறார். துருக்கியர் நாட்டில் நெய் வாங்கப் போன அவருடைய ஆள், அரபில் நெய்க்கு உரிய சொல்லான ஸம்ன் என்று கேட்க, கடைக்காரர் வைக்கோல் கொண்டுவந்து நீட்டினார். அவர்கள் மொழியில் வைக்கோலுக்குக் கிட்டத்தட்ட அதே சொல்! டில்லியில் சுல்தான் முகம்மது பின் துக்ளக் காழி பதவி தந்தபோது, இந்த நாட்டு மொழி தெரியாதே என்று இவர் தயங்கினார்; சுல்தான் இரண்டு துணைவர்களை நியமித்துக் கொடுத்தார்.

சீனாவில் ஒருநாள் அவரைப் பார்க்க ஒரு மார்க்க அறிஞர் வந்தார். பேச்சுக் கொடுத்தால், ஊர் செயூட்டா என்றார். தாஞ்சியருக்கு அடுத்த கடற்கரை ஊர்! இருவரும் அழுதுவிட்டார்கள். அவர் சீனப் பயணத்தைச் சந்தேகிக்கும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். என்றாலும் இந்தச் சந்திப்பைக் கற்பனை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

1349இல் மொரோக்கோ திரும்பியபோது தாயும் தந்தையும் மறைந்திருந்தார்கள். அதன்பின் சஹாரா பாலைவனத்தைக் கடக்கப் புறப்பட்டபோது, சிஜில்மாசா ஊரில் ஒரு வீட்டில் தங்கினார். வீட்டுக்காரர், சீனாவில் சந்தித்த அந்தச் செயூட்டாக்காரரின் சகோதரர். அந்த அண்ணன் தம்பிக்கு இடையே இருந்த தூரத்தை எண்ணி இப்னு பதூதா வியந்தார். பின்னர் சுல்தானின் ஆணைப்படி அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸை எழுதிய பயணநூல் 1355இல் முடிந்தது. தம் கடைசி ஆண்டுகளில் சொந்த நாட்டில் காழியாகப் பணியாற்றி, 1368 அல்லது 1369இல் காலமானார்.