இத்தா முடிந்த பின் என்ன? பேகம் ரொக்கையா காட்டிய வழி

கணவர் வஃபாத்தாகிவிட்டார். பெற்ற இரண்டு பெண் குழந்தைகளும் கைக்குழந்தைகளாகவே இறந்து போயிருந்தன. அப்போது பேகம் ரொக்கையா சகாவத் ஹுசைனுக்கு வயது முப்பதைத் தொடவில்லை. நம் ஊர்களில் இப்படி ஒரு பெண்ணைப் பார்த்தால் நாம் அனுதாபப்படுவோம். முடிந்தால் ஏதாவது கொடுத்து உதவுவோம். ரொக்கையா தன்னைப் போன்ற பெண்களுக்காகச் செய்தது அதைவிடப் பெரியது.

இன்றைய வங்காளதேசத்தின் ரங்பூர் மாவட்டம் பைராபந்த் கிராமத்தில் 1880-ல் பிறந்தவர் அவர். வசதியான ஜமீன் குடும்பம். ஆனாலும் பெண் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுத் தந்ததோடு சரி. வங்காளமும் ஆங்கிலமும் கூடாது. வீடு உறங்கிய பிறகு விளக்கொளியில் அண்ணன் இப்ராஹீம் இரகசியமாகக் கற்றுக் கொடுத்தார்.

பாகல்பூரில் அரசு அதிகாரியாக இருந்த கணவர் சையத் சகாவத் ஹுசைன் அவரை மேலும் படிக்கவும் எழுதவும் தூண்டினார். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றுக்காக 10,000 ரூபாயையும் ஒதுக்கி வைத்தார். 1909-ல் அவர் மறைந்ததும், அதே ஆண்டிலேயே ஐந்து மாணவிகளுடன் ரொக்கையா பள்ளியைத் தொடங்கினார். ஆனால் கணவரின் முதல் மனைவியின் மகள் தரப்போடு சொத்துத் தகராறு எழுந்தது. வீட்டையும் ஊரையும் விட்டுக் கல்கத்தா போக நேர்ந்தது. அங்கே 1911-ல் எட்டு மாணவிகளுடன் மீண்டும் தொடங்கினார்.

பெற்றோரை இணங்க வைக்க வீடு வீடாகச் சென்றார். பிள்ளைகள் பர்தாவோடு வந்துபோக மூடிய வண்டிகளை ஏற்பாடு செய்தார். பாடத்தோடு தையல், சமையல், நோயாளிப் பராமரிப்பும் கற்பிக்கப்பட்டன. பயிற்சி பெற்ற ஆசிரியைகள் உள்ளூரில் கிடைக்காததால் நம் மதராஸ், கயா, ஆக்ரா போன்ற ஊர்களிலிருந்து வரவழைத்துத் தாமே பழக்கினார். 1919-ல் முஸ்லிம் பெண்களுக்கென ஓர் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியை அரசு கல்கத்தாவில் திறந்தது.

1916-ல் அவர் நிறுவிய அஞ்சுமனே கவாதீனே இஸ்லாம் ஏழை விதவைகளுக்குப் பண உதவி செய்தது. கொடுமைக்கு ஆளான மனைவியருக்கு அடைக்கலம் தந்தது. சேரிப் பெண்களுக்கு எழுத்தும் சுகாதாரமும் குழந்தை வளர்ப்பும் கற்பித்தது.

அவர் மனதில் இருந்த முழுத் திட்டத்தை 1924-ல் வெளியான ‘பத்மராக்’ நாவலில் பார்க்கலாம். அதில் வரும் தாரிணி பவன், கணவனை இழந்த, கைவிடப்பட்ட பெண்களின் இல்லம். அங்கே சோறு மட்டும் போடவில்லை. தையல், நெசவு, புத்தகம் கட்டுதல், தட்டச்சு, செவிலியர் பணி எல்லாம் கற்றுத் தந்தார்கள்.

1932 டிசம்பர் 9-ல் ரொக்கையா மறைந்தார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.

நம் மஹல்லாக்களிலும் விதவையர், தலாக் ஆனவர்கள், பிள்ளைகளோடு தாய்வீடு திரும்பியவர்கள் இருக்கிறார்கள். ஜகாத்தும் மாத அரிசியும் அவர்களின் உரிமை. அதில் குறை வைக்கக் கூடாது. அதோடு இத்தா முடிந்த ஒரு சகோதரிக்குப் பயிற்சிக் கட்டணம் கட்டுவதும், அவர் வகுப்பில் இருக்கும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் நம்மால் ஆகாத காரியமா? அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதைப் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.