கம்பெனியை இழந்த என்ஜினீயர்

ஓடும் ரெயிலை நிறுத்துவது ஒரு காலத்தில் உயிருக்கு ஆபத்தான வேலை! பிரேக் போடும் ஆட்கள் பெட்டிக்குப் பெட்டி கூரைமேல் தாவி, ஒவ்வொரு பிரேக்காகத் திருகவேண்டும். கால் வழுக்கினால் மரணந்தான்.

இதை மாற்றியவர் அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். என்ஜினில் இருந்தபடியே, அழுத்தப்பட்ட காற்றினால் எல்லாப் பெட்டிகளையும் நிறுத்தும் பிரேக்குக்கு 1869-ல் காப்புரிமை பெற்றார். அப்போது அவருக்கு வயது 22!

பிட்ஸ்பர்க் நகரில் தொழிற்சாலை வைத்தார். சனிக்கிழமைகளில் தொழிலாளிகளுக்கு அரைநாள் லீவு விட்டார். அந்தக் காலத்தில் அது அதிசயம்.

1886-ல் மின்சாரக் கம்பெனி தொடங்கினார். எடிசன் டி.சி. மின்சாரத்தைப் பரப்பிக் கொண்டிருந்தார். அது அதிக தூரம் போகாது. வெஸ்டிங்ஹவுஸ் ஏ.சி.யை நம்பி, டெஸ்லாவின் காப்புரிமைகளை வாங்கினார். 1896-ல் நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம், 20 மைலுக்கு அப்பால் உள்ள பபலோ நகருக்குப் போய்ச் சேர்ந்தது. அதை உற்பத்தி செய்த யந்திரங்கள் அவருடைய கம்பெனியில் செய்தவை.

என்ஜினீயரும் அவரே, முதலாளியும் அவரே. புதுப்புது யந்திரங்களுக்குப் பணத்தைக் கொட்டினார். கடன் ஏறியது. 1907-ல் அமெரிக்காவில் பண நெருக்கடி வந்தது. மின்சாரக் கம்பெனியால் கடனைக் கட்ட முடியவில்லை. நிர்வாகம் பாங்கிக்காரர்கள் கைக்குப் போயிற்று. யந்திரம் தெரிந்தவர் இடத்தில், வட்டிக்கணக்கு தெரிந்தவர்கள்!

1911-க்குள் அவருக்கும் அந்தக் கம்பெனிக்கும் தொடர்பு அறுந்தது. 1914 மார்ச் 12-ந் தேதி அவர் காலமானார். கம்பெனி அவர் பெயரை மட்டும் விடவில்லை.