கடனில்லாக் கல்விக்கு வழிவகுத்த வள்ளல் பச்சையப்பர்



திருநின்றவூரிலிருந்து வடக்கே செல்லும் சாலை பெரியபாளையத்தில் போய்ச் சேர்கிறது. ஆரணியாற்றங்கரையில் உள்ள அவ்வூரைப் பவானியம்மன் கோயிலால் நாடறியும். தமிழகத்தில் ஆயிரமாயிரம் ஏழை மாணவர்கள் படிக்கக் காரணமாயிருந்த பச்சையப்ப முதலியார் 1754-ஆம் ஆண்டு அவ்வூரில்தான் பிறந்தார் என்பதை நம்மில் பலர் அறியார். நமது யூபிலி மலரில் நம் திருமறையைச் சாராத ஒருவரின் வரலாறு எதற்கு என்று சிலர் எண்ணலாம். அதற்குரிய காரணத்தைக் கட்டுரையின் முடிவில் காண்பீர்கள்.

பச்சையப்பர் பிறக்கும் முன்பே தந்தையை இழந்தவர். கைம்பெண்ணான தாய் பூச்சியம்மாள் பிறர் ஆதரவில் பிள்ளைகளை வளர்த்தார். பின்னர் அக்குடும்பம் சென்னைக்கு வந்து, நாராயண பிள்ளை என்ற துபாஷியிடம் அடைக்கலம் புகுந்தது. வெள்ளைக்காரருக்கும் நம்மவருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகவும், வணிகத் தரகராகவும், பணப் பொறுப்பாளராகவும் இருந்தவர்களே துபாஷிகள். நாராயண பிள்ளை அந்தத் தகப்பனில்லாப் பிள்ளைக்கு ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்க வகை செய்தார். அதற்கு அவர் கடன் பத்திரம் எழுதி வாங்கவில்லை. பச்சையப்பரின் பிற்கால வாழ்வு முழுவதும் அந்தக் கல்வியின்மேல் எழுந்ததே.

இளமையிலேயே அவரும் துபாஷியானார். கும்பெனி அதிகாரிகளிடமும் பின்னர் தஞ்சைச் சீமையிலும் அலுவல் பார்த்துப் பெருஞ்செல்வம் திரட்டினார். வரி வசூலும் கொடுக்கல் வாங்கலும் கலந்த தொழில் அது. அக்காலத்துத் துபாஷிகளின் செல்வத்தில் குடியானவரின் வியர்வையும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவரும் நம்மைப் போன்ற மனிதரே. ஆயினும் சென்னையில் கோமளீசுவரன்பேட்டையில் வாழ்ந்த நாட்களில் கூவத்தில் நீராடி இறைவனை வழிபட்ட பக்திமான். கூவம் அன்று நீராடத் தக்க ஆறாக இருந்தது!

1794-ல், நாற்பது வயதளவிலேயே, நோயுற்றுத் திருவையாற்றில் காலமானார். இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு உயில் எழுதித் தம் செல்வத்தைக் கோயில் வழிபாட்டுக்கும் தருமங்களுக்கும் விட்டுச் சென்றார்.

இங்கேதான் துயரமான பகுதி தொடங்குகிறது. உயில் இருந்தும் காவல் இல்லை. பணம் பலர் கையில் சிக்கிச் சிதறியது. வழக்குமேல் வழக்காக ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது. அட்வகேட் ஜெனரலாயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் என்ற ஆங்கிலேயர் இதில் முனைந்து நின்றார். அவர் முயற்சியாலும் நம் நாட்டுப் பெரியோர் சிலரின் உழைப்பாலும் 1841-ல் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. வட்டியோடு பெருகியிருந்த பணத்தில், உயில் குறிப்பிட்ட தருமங்களுக்கு வேண்டியதை ஒதுக்கி, மிகுந்ததைக் கல்விக்குச் செலவிடுவதென்று முடிவாயிற்று.

1842 சனவரி முதல் நாள் சென்னையில் பச்சையப்பர் பள்ளி திறக்கப்பட்டது. ஏழைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் தாய்மொழியும் இலவசமாகக் கற்பிப்பதே அதன் நோக்கம். 1850-ல் எழுந்த அதன் பெரிய மண்டபம் கிரேக்கக் கோயிலின் சாயலில் இன்றும் உயர் நீதிமன்றத்திற்கு அருகே நிற்கிறது. 1889-ல் அது முதல்நிலைக் கல்லூரியாயிற்று. 1940-ல் சேத்துப்பட்டுக்கு இடம் மாறியது. கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்து தவித்த கணித மேதை இராமானுஜன் 1906-ல் இக்கல்லூரியில்தான் சேர்ந்தார். காஞ்சிபுரத்தின் எளிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா இங்கே பயின்று, 1967-ல் முதலமைச்சரானார். 1947 வரை இந்து மாணவர்க்கு மட்டுமே அக்கல்லூரியில் இடமிருந்தது. பின்னர் கதவு எல்லாருக்கும் திறந்தது. நம் பிள்ளைகளும் படித்தனர்.

கடன் கொடுக்கல் வாங்கலில் புழங்கிய ஒருவரின் பணம், திருப்பிக் கேட்காத பணமாகி ஏழையின் கையில் கல்வியாயிற்று. இதுவே பச்சையப்பரின் வரலாறு நமக்குச் சொல்லும் பாடம்.

இன்று நம் பங்கிலும் பெற்றோர் பலர் பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்கு நகையை அடகு வைக்கின்றனர். வங்கிக் கடனுக்கு அலைகின்றனர். பையன் வேலை தேடத் தொடங்கும்போதே வட்டி அவன் தலைமேல் நிற்கிறது. தங்கையின் படிப்பு அந்தக் கடனால் நின்றுபோவதும் உண்டு. அரசு கலைக் கல்லூரிகளில் பட்டப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் இல்லை என்பதைப் பலர் அறியாதிருக்கின்றனர். பொன்னேரியிலும் திருத்தணியிலும் நம் மாவட்டத்திலேயே அத்தகைய கல்லூரிகள் உள்ளன. அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் தொழிற்கல்விக்குச் செல்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டம் 2021-ல் வந்தது. பெற்றோரே, கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் இவற்றை விசாரியுங்கள்.

எனினும் கட்டணம் இல்லாத இடத்திலும் பேருந்துக் கூலி, புத்தகம், தேர்வுப் பணம், விடுதிச் செலவு உண்டு. பெரும்பாலும் இந்தச் சில்லறைச் செலவுகளே ஏழைப் பிள்ளையை நடுவழியில் நிறுத்துகின்றன. அங்கேதான் பங்குச் சமூகத்திற்கு வேலை இருக்கிறது.

பழைய ஏற்பாட்டில் யூபிலி என்பது விடுதலையின் ஆண்டு. அடிமை வீடு திரும்புவான். இழந்த நிலம் உரியவனைச் சேரும். கொடிமரமும் விருந்தும் மட்டும் யூபிலி ஆகிவிடா. ஆகவே இவ்விழாவின் நினைவாகப் பங்கில் ஒரு கல்வி நிதி தொடங்க உங்களை வேண்டுகிறேன். அதிலிருந்து கொடுப்பது கடனாக அன்றி, கொடையாகவே இருக்கட்டும். எந்தச் சமயத்துப் பிள்ளையாயினும் நம் ஊர்ப் பிள்ளைக்குக் கிடைக்கட்டும். அரை நூற்றாண்டு கேட்பாரற்றுக் கிடந்த உயிலின் பாடத்தை மறவாமல், அதன் வரவு செலவு ஆண்டுதோறும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் எல்லார் முன்னிலையிலும் வாசிக்கப்படட்டும்.

பெரியபாளையத்துத் தகப்பனில்லாப் பிள்ளைக்கு யாரோ ஒருவர் எழுத்தறிவித்தார். அதன் பயனை இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நாடு அனுபவிக்கிறது. வேப்பம்பட்டில் இன்று நாம் படிக்க வைக்கும் பிள்ளையின் கையால் இறைவன் நாளை என்ன செய்வார் என்பதை யார் அறிவார்? ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.

இங்ஙனம்,
உங்கள் பங்குத்தந்தை