சத்து மாத்திரைக்குள் ஒரு கதை

ஐயப்பன்தாங்கல் பேருந்துப் பணிமனையைப் பார்த்திருக்கிறீர்களா? காலையில் அங்கிருந்து பேருந்துகள் வரிசையாகக் கிளம்பும். ஒருநாள் பாதிப் பேருந்துகள் ஓடவில்லை என்றால் என்ன ஆகும்? நிறுத்தங்களில் கூட்டம் காத்துக் கிடக்கும். ஓடுகிற பேருந்துகள் கூடுதல் நடை போக வேண்டியிருக்கும்.

நம் உடம்பிலும் இப்படித்தான்! நுரையீரல்தான் பணிமனை. ஆக்சிஜன்தான் பயணி. இரத்தச் சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின்தான் பேருந்து. அதில் நான்கே இருக்கைகள். ஒவ்வோர் இருக்கையும் ஓர் இரும்பு அணு. ஹீமோகுளோபின் குறைந்தால், எவ்வளவுதான் மூச்சை இழுத்தாலும் உடலுக்குப் போதிய ஆக்சிஜன் போய்ச் சேராது. இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும். அதனால்தான் இரத்தசோகை வந்தவர்களுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, படபடப்பு வருகிறது.

இந்த நோயை எதிர்க்க ஒரு மருந்து தந்தவர், நம் சென்னையில் படித்தவர். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895-இல் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், மாநிலக் கல்லூரியிலும் படித்தார்.

அவருடைய சகோதரர்கள் இருவரை ஸ்புரூ என்ற குடல்நோய் அடுத்தடுத்துப் பறித்துக்கொண்டது. இந்நோய் வந்தால், உண்ட உணவின் சத்தைக் குடல் உறிஞ்சாது. ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினும் கிடைக்காது. அது இல்லாவிட்டால் எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்கள் சரியாக உருவாகா. ஹீமோகுளோபினும் குறையும். அன்று இதெல்லாம் யாருக்கும் தெரியாது, மருந்தும் இல்லை.

சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்ததால் ஒரு பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் கீழ்நிலையான எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போனார். வயிற்றுப்பாட்டுக்காக இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் கழிவுப் பாத்திரங்களைக் கழுவினார். பகலில் படித்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

இதற்கிடையே, மும்பையில் ஆராய்ச்சி செய்த லூசி வில்ஸ் என்ற மருத்துவர் ஓர் உண்மையைக் கண்டார். ஈஸ்டில் உள்ள ஏதோ ஒரு சத்து, கர்ப்பிணிகளின் இரத்தசோகையைத் தீர்க்கிறது என்று 1931-இல் எழுதினார். அந்தச் சத்துதான் ஃபோலிக் அமிலம். லெடர்லே ஆய்வகத்தில் சுப்பாராவ் தலைமையிலான குழு 1945-இல் அதைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டது! ஸ்புரூ நோயாளிகளின் இரத்தமும் அதனால் தேறியது. சகோதரர்களைக் காப்பாற்ற முடியாதவர், முகம் தெரியாத எத்தனையோ பேரைக் காப்பாற்றினார். 1948-இல், 53 வயதிலேயே மறைந்தார்.

பள்ளியில் வாரம் ஒருமுறை சத்து மாத்திரை தருகிறார்களே, அதில் இரும்புச்சத்தோடு ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. இனி அதை ஆசிரியருக்குத் தெரியாமல் ஜன்னல் வழியே வீசாதீர்கள். சாப்பிட்டபின் விழுங்குங்கள். தட்டில் கீரையையும் ஒதுக்காதீர்கள். ஃபோலிக் என்ற பெயரே இலை என்னும் பொருள்கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்!